மும்மலைக் கூட்டாட்சியும் மூன்று இட்லியும்

"1963, பங்குனி, வெள்ளிக்கிழமை. அவை மாலை நான்கு மணிக்குக் கூடியது. எதிர்க்கட்சித் தலைவர் பேசினார். எதிர்க்கட்சித் தலைவர் தொடர்ந்து பேசினார். எதிர்க்கட்சித் தலைவர் மேலும் பேசினார். அவை திருவண்ணாமலை ரோட்டு மதகின்மேல் மீண்டும் கூடியது."

மும்மலைக் கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பில் உள்ள பதிவு இது. கையெழுத்து என்னுடையது. அந்த எதிர்க்கட்சித் தலைவரும் நான்தான். தேதி எழுதியிருந்த இடத்தில் எண்ணெய்க் கறை படர்ந்து, எண் மறைந்துவிட்டது. பழைய பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு, பங்குனியின் எல்லா வெள்ளிக்கிழமைகளையும் ஆராய்ந்து, சந்தேகத்துக்கு இடமானவை இரண்டுதான் என்ற அளவுக்கு வந்து நிற்கிறேன். அதற்கு மேல் நகர முடியவில்லை. (வீட்டில் கேட்டால், "கறைய மோந்து பாருங்க, தேதி தெரியும்" என்கிறார்கள்.)

மும்மலைக் கூட்டாட்சியை உலகப் படத்தில் தேட வேண்டாம். அது செஞ்சிக் கடைவீதியில் ஒரு அரிசி மண்டியின் மாடியில் இருந்தது. வாசகசாலை நடத்துவதற்காக நாங்கள் சில இளைஞர்கள் அந்த மாடியை வாடகைக்குப் பிடித்தோம். மண்டிக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு நிபந்தனை சொன்னார்.

"மாடியில எந்தக் கட்சிப் பேரும் அடிபடக் கூடாது. அடிபட்டா அரிசி மூட்டை மேல ஆளு வந்து விழுவான். ரெண்டாவது, பல்பு போடக் கூடாது. கரண்ட்டுக்கு எவன் கட்றது?"

அந்தக் காலத்தில் நான்கு பேர் கூடி அரசியல் பேசாமல் இருந்தால் ஊரில் அவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று நினைப்பார்கள். இருக்கிற கட்சிகளைப் பேசக் கூடாது என்றால், இல்லாத கட்சிகளைப் பேசுவதற்குத் தடை இல்லையே என்று ஒருவருக்குத் தோன்றியது. இல்லாத கட்சிக்கு இல்லாத நாடு ஒன்று வேண்டும். மாடி ஜன்னலைத் திறந்தால் மேற்கே கோட்டையும் மூன்று மலைகளும் தெரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மாநிலங்கள். மூன்றும் சேர்ந்து ஒரு கூட்டாட்சி. எல்லைத் தகராறு இல்லை. இடையில் மதில் தயாராக இருந்தது. மக்கள்தொகைதான் கொஞ்சம் சிக்கல். கிருஷ்ணகிரி மாநிலத்தின் நிரந்தரக் குடிமக்கள் குரங்குகள் மட்டுமே. அவற்றுக்கு வாக்குரிமை உண்டா என்று ஒரு முழு மாதம் விவாதித்து, அடுத்த கணக்கெடுப்புவரை தள்ளிவைத்தோம்.

கட்சி பிரிக்கும் நாள் வந்தது. அன்று நான் மல்லாட்டை கொள்முதலுக்காக வல்லம் போயிருந்தேன். (மற்ற ஊரில் வேர்க்கடலை என்பார்கள். எங்கள் நைனா, அதாவது அப்பா, அதற்குக் கமிஷன் மண்டி வைத்திருந்தார். நான் அங்கே கணக்கு.) திரும்பி வந்தால், எல்லோரும் புதுமைக் கட்சியில் சேர்ந்திருந்தார்கள். எதிர்த்துப் பேச ஆள் இல்லாவிட்டால் நாடாளுமன்றம் நடக்காது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்திருக்கிறது. எனவே ஊரில் இல்லாத என்னை மரபுக் கட்சியின் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எனக்குத் துணையாகச் சோடாக்கடை முனுசாமியைப் போட்டிருந்தார்கள். கட்சிக் கூட்டத்தில் தூங்கலாம் என்று வாக்குறுதி கொடுத்ததால் அவர் சம்மதித்தாராம்.

வேறு ஒருவனாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பான். நான் அப்படிப்பட்டவன் இல்லை. அன்றிரவே கட்சியின் கொள்கைகளை எழுதினேன். முதல் கொள்கை: எதையும் மாற்றக் கூடாது. இரண்டாவது: மாற்றியே ஆகவேண்டும் என்றால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது: அடுத்த ஆண்டு முதல் கொள்கையைப் படிக்கவும். கட்சிச் சின்னம் ஆட்டுக்கல். நகர்த்த முடியாது என்பதால். புதுமைக் கட்சி காற்றாடியை எடுத்துக்கொண்டது.

கூட்டாட்சியின் அரசியல் சட்டத்தையும் நானே எழுதினேன். படித்த புத்தகம் அத்தனையிலிருந்தும் எடுத்து எழுதியதில் அது நாட்டைவிடப் பெரிதாகிவிட்டது. இந்தக் கதைக்கு அதில் மூன்று விதிகள் போதும். பல்பு இல்லாததால், விளக்கு வைக்கும் நேரத்தோடு அவை முடியும். அதற்குள் வாக்கெடுப்பு நடக்காத மசோதா செத்துப் போகும். ஓர் உறுப்பினர் பேசிக்கொண்டிருக்கும்போது அவைத்தலைவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

இந்த மூன்றாவது விதியை எழுதியபோது நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

போகப் போக நான் நிஜமாகவே மரபுக் கட்சிக்காரனாகிவிட்டேன். அம்மா சர்க்கரை டப்பாவை வேறு அலமாரியில் வைத்ததற்குக் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தேன். "இந்தப் புள்ளைக்கு ஒரு கால்கட்டுப் போடுங்க. முத்திக்கினே போவுது" என்று அம்மா நைனாவிடம் சொன்னார்.

நைனாவுக்கும் அதுதான் கவலை. நாங்கள் இந்தப் பக்கத்து நயினார்கள், சமணர்கள். பெண் எடுப்பதும் கொடுப்பதும் சுற்றியுள்ள பத்து ஊர்களுக்குள். எனக்கு அதற்கு முன் வந்த இரண்டு இடங்களும், நான் பேச ஆரம்பித்த பிறகு தட்டிப் போயிருந்தன. மூன்றாவதாக வந்தது தொண்டூர் தரணேந்திர நயினாரின் மகள் ராஜமதி. மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழாவில் அவளை ஒருமுறை பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் என் செருப்பு அறுந்து நான் ஒற்றைக் காலில் நின்றபோது, சிரிப்பை அடக்கத் தலையைத் திருப்பிக்கொண்டவள் அவள். அன்றிலிருந்து எனக்கு வேறு இடம் வேண்டாம் என்று இருந்தது. ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. (அரசியல் சட்டத்தில் அதற்கு இடமில்லை.)

அந்த வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்த தரணேந்திர நயினார், பிற்பகலில் எங்கள் மண்டிக்கு வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். கையில் எண்ணெய் மினுக்கும் மூங்கில் தடி. மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்க்கிற வருகை என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

நைனாவுக்கு என்ன தோன்றியதோ, "பையன் மாடியில சபையில பேசுவான், கேட்டுட்டுப் போங்களேன்" என்றார்.

"சபையா? இன்னா சபை?"

"பார்லிமெண்டு மாதிரி."

"கேட்டுட்டாப் போச்சி" என்றார் அவர்.

அம்மா ஒரு பித்தளை டிபன் கேரியரை என் கையில் கொடுத்தார். இட்லி, எண்ணெய் விட்டுக் குழைத்த மிளகாய்ப்பொடி, ஒரு சொம்பில் வடிகட்டிய தண்ணீர். சமண வீடுகளில் பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. சூரியன் இருக்கும்போதே இரவு உணவு முடிந்துவிட வேண்டும். தரணேந்திர நயினார் இந்த விஷயத்தில் எந்த அளவுக்குக் கண்டிப்பு என்பது தொண்டூர் தாண்டியும் தெரியும். ஒரு கல்யாணத்தில் பந்தி தாமதமானதற்காக, சம்பந்தி வீட்டில் பட்டினியாகப் படுத்துவிட்டு, காலையில் எதுவும் சொல்லாமல் ஊருக்குப் போனவர். அந்தச் சம்பந்தியோடு அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

"பொழுது இருக்கச்சயே சாப்ட வெச்சிடுடா ஜெயபாலு. சபை கிபைன்னு மறந்துட்டா, இந்த எடமும் போச்சி. புரிஞ்சிதா?"

"எனக்குத் தெரியாதாம்மா? நானும்தானே சாப்பிடணும்?"

இந்த வாக்கியத்தை அம்மா பிறகு பல ஆண்டுகள் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்.

அன்று அவைத்தலைவராக இருக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். நான் ஒரு யோசனை செய்தேன். (என் வாழ்க்கையின் பெரும்பாலான விபத்துகள் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன.) மூத்தவரான தரணேந்திர நயினாரை அவைத்தலைவராக முன்மொழிந்தேன். வருங்கால மாமனாரை நாட்டின் உயர்ந்த நாற்காலியில் உட்காரவைத்து, அவர் முன்னால் முழங்கலாம் என்று கணக்கு. அவரிடம் விதிகளையும் விளக்கினேன்.

"ஒருத்தர் பேசறப்ப நான் எழுந்திருக்கக் கூடாதா?"

"கூடாதுங்க மாமா."

"இது யாரு எழுதனது?"

"நான்தாங்க."

"ம்" என்று உட்கார்ந்தார். தடியைக் குறுக்கே மடியில் வைத்துக்கொண்டார். கேரியரை ஜன்னலோரம் வைத்தேன்.

அன்றைய மசோதாவைக் கொண்டுவந்தவர் பிரதமர் கோவிந்தன். அனந்தபுரத்துக்காரர், ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அவருடைய குடும்பத்தில் முதல்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குள் போனவர் அவர்தான். அப்படியே உள்ளே தங்கி வாத்தியாராகிவிட்டார் என்று அவரே கேலியாகச் சொல்வார். எங்களில் கைக்கடிகாரம் கட்டியிருந்தவர் அவர் ஒருவர்தான். தினம் காலையில், முதல் மணி அடிக்கும்போது, பிள்ளைகள் முன்னால் அதற்குச் சாவி கொடுப்பார்.

மசோதாவின் பெயர் ஒரே நேர மசோதா. மூன்று மாநிலங்களும் அவரவர் மலைக்குத் தக்கபடி பொழுதைக் கணக்கிடுவதை விட்டு, ஒரே கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும். ஆதாரமாக வாசகசாலைச் சுவரிலிருந்த பஞ்சாங்கத்தையே கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். சூரிய உதயமும் அஸ்தமனமும் நிமிஷக் கணக்கில் அதிலேயே இருக்கிறதே என்பது அவர் வாதம்.

"எங்க நைனா கழனி வேலைக்குப் போவாரு" என்றார் கோவிந்தன். "பொழுது சாஞ்சா வீட்டுக்கு வரணும், அதான் பேச்சு. சாஞ்சிடிச்சான்னு கேட்டா நெலத்துக்காரரு மானத்தப் பாத்துட்டு, இன்னும் வெளிச்சம் இருக்குதேம்பாரு. அவரு கண்ணுல எப்பவும் வெளிச்சம் இருந்துச்சி. கையில ஒரு வாட்ச்சு இருந்திருந்தா எங்க நைனா நேரத்தோட வீட்டுக்கு வந்திருப்பாரு. அவ்ளோதான் மசோதா."

உட்கார்ந்துவிட்டார். அவைத்தலைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கட்சியின் பாதிப்பகுதியான முனுசாமிகூடக் கண் விழித்து, "ஞாயமாத்தான் இருக்குது" என்றார்.

வாக்கெடுப்பு நடந்தால் தோற்றுவிடுவேன். மாமனார் முன்னாலேயே தோற்பேன். ஒரே வழிதான் இருந்தது: விளக்கு வைக்கும் நேரம்வரை பேசி மசோதாவைக் கொல்வது. எழுந்தேன்.

என்ன பேசினேன் என்பதற்கு வரிசையான குறிப்பு இல்லை. குறிப்பு எழுத வேண்டியவன் பேசிக்கொண்டிருந்தான். நினைவிலிருப்பதைச் சொல்கிறேன். சூரியன் சாவி கொடுக்காமல் ஓடுகிறது என்றேன். அது ரிப்பேருக்குப் போனதாக வரலாறு உண்டா என்று கேட்டேன். "கண்ணுக்குத் தெரிந்தால் பகல், கண்ணுக்கு மறைந்தால் இரவு! அச்சடித்த காகிதத்துக்கும் சுற்றும் முள்ளுக்கும் மரபுக் கட்சி ஒருநாளும் தலைவணங்காது!" என்று மேசையைத் தட்டினேன். சேவல் வாட்ச் கட்டுகிறதா என்றேன். சேவலிலிருந்து தாமரைக்கும், தாமரையிலிருந்து கோட்டையைக் கட்டியவர்களுக்கும் போனேன். அங்கிருந்து எகிப்துக்குப் போனது நினைவிருக்கிறது. திரும்பி வந்தது நினைவில் இல்லை.

இடையில் கோவிந்தன் எழுந்தார். "அவைத்தலைவரே, ஓர் ஒழுங்குப் பிரச்சினை. அந்த ஜன்னலோரத்து டிபன் கேரியர்..."

"உட்காருங்கள் பிரதமரே! குறுக்கு வழியில் என் பேச்சை நிறுத்த முடியாது!"

கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தார். "நயினாரே, பொழுது..."

"பொழுதைப் பற்றித்தான் பேசுகிறேன்!"

மூன்றாம் முறை அவர் எழுந்து நிற்காமல், கேரியரையே தூக்கிக் காட்டினார். நான் அதைக் கை நீட்டிச் சுட்டி, "பாருங்கள்! புதுமைக் கட்சி ஒரு டிபன் கேரியருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது!" என்று கர்ஜித்தேன். கைதட்டல் கிளம்பியது. என் பொதுவாழ்வில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான்.

அந்தக் கைதட்டலை ரசித்தபடி கம்பீரமாக ஜன்னல் பக்கம் திரும்பினேன். ராஜகிரிக்குப் பின்னால் சூரியன் போய்விட்டிருந்தது. மலையின் விளிம்பு மட்டும் சிவப்பாக இருந்தது.

என் வாய் திறந்தபடியே நின்றது. அவைத்தலைவர் என்னைப் பார்த்தார்.

"பேசி முடிச்சிட்டியா தம்பி?"

"மாமா... சாப்பாடு..."

"சாப்பாடா? பொழுதுதான் போயிட்டுதே."

கோவிந்தன் பாய்ந்து வந்து வாட்ச்சையும் பஞ்சாங்கத்தையும் நீட்டினார். "போவலைங்க! சூரியன் மலைக்குப் பின்னாடிதான் போயிருக்குது. பஞ்சாங்கப்படி அஸ்தமனத்துக்கு இன்னும் அரை மணி இருக்குது. தாராளமா சாப்டலாம்."

மற்ற நாளாக இருந்தால் தரணேந்திர நயினாரும் அதை ஒப்புக்கொண்டிருப்பார். அன்று அவர் தலையை மெதுவாக ஆட்டினார்.

"அது நீ சொன்னது வாத்தியாரே. நான் உன்னக் கேட்டுத் தலையாட்டிக்கினுதான் இருந்தேன். அப்பறம் இந்தத் தம்பி எழுந்து ஒண்ணரை மணி நேரம் பேசுச்சி. கண்ணுக்கு மறைஞ்சா ராத்திரி, காகிதத்துக்கும் முள்ளுக்கும் தலவணங்கக் கூடாதுன்னுச்சி. சபையே கை தட்னீங்க. நாற்காலியில ஒக்கார வெச்சிட்டீங்க, சபை சொல்றதுக்கு நான் கட்டுப்படணுமில்ல? மசோதா நிறைவேறினா வாட்ச்சு. இல்லன்னா கண்ணு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மசோதாவை ஆதரிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். இருபத்து நான்கு வயது. கொள்கை. ஆட்டுக்கல்.

"கண்ணுக்குத் தெரியும் சூரியன்தானே வேண்டும்? காட்டுகிறேன்!" என்றேன்.

செஞ்சியில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மலை ஊருக்கு மேற்கே இருப்பதால் ஊருக்குள் சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும். திருவண்ணாமலை ரோட்டில் மலைகளைத் தாண்டிப் போனால் அது இன்னும் இருக்கும். கீழே இறங்கி, மண்டி சைக்கிளை எடுத்து, அவைத்தலைவரைப் பின்னால் கேரியரில் ஒருபக்கமாக உட்காரவைத்தேன். டிபன் கேரியர் ஹேண்டில்பாரில் தொங்கியது. சொம்போடு கோவிந்தன் இன்னொரு சைக்கிளில். பின்னால் கிடைத்த சைக்கிள்களில் இரண்டிரண்டு பேராக மும்மலைக் கூட்டாட்சியின் இரு கட்சிகளும். ஒரு நாட்டின் நாடாளுமன்றம் முழுவதும் சூரியனைத் துரத்திக்கொண்டு போனதாக வேறு எந்தச் சரித்திரத்திலும் நான் படித்ததில்லை.

"மெதுவாப் போ தம்பி. சூரியன் நமக்காக நிக்காது, ஆனா நான் உயிரோட போயிச் சேரணும்" என்றார் பின்னாலிருந்து.

கிருஷ்ணகிரிக்கும் ராஜகிரிக்கும் நடுவே ரோடு போகிறது. குரங்குகள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து, தங்கள் பிரதிநிதிகள் போவதைப் பார்த்தன. ஒரு வளைவு. அடுத்த வளைவு. மலை விலகியது. அதோ, பெரிய தாம்பாளம் மாதிரி, முழுதாக!

"மாமா! சூரியன்!"

இரண்டு கையையும் விட்டுவிட்டுக் காட்டினேன்.

பங்குனி மாதம் அந்த ரோட்டில் பாதிக்கு மல்லாட்டை காயப்போட்டிருப்பார்கள். சக்கரம் அதன்மேல் ஏறியதும் வழுக்கிக்கொண்டு போனது. நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். டிபன் கேரியர் ரோட்டில் உருண்டு மதகுக் கல்லில் டணார் என்று மோதியது. தரணேந்திர நயினார் மட்டும், தடியோடு, மல்லாட்டைக் குவியலின் உச்சியில் உட்கார்ந்த நிலையிலேயே இறங்கினார்.

காவலுக்கு இருந்த பெண்மணி ஓடிவந்தார். "யார்ரா அது, என் மல்லாட்ட மேல பெரியவரக் கொண்டாந்து கொட்டறது? வேற எடம் கெடைக்கலயா?"

"மன்னிச்சுக்கோம்மா. இவர் அவைத்தலைவர்" என்றேன் முட்டியைத் தடவியபடி.

"எவரா இருந்தா இன்னா? ஏந்திரிக்கச் சொல்லு, காய் நொறுங்குது!"

மாமனார் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, மதகின்மேல் உட்கார்ந்தார். சூரியன் இருந்தது. இட்லியும் இருந்தது. ஆனால் கேரியர் திறக்கவில்லை. மோதியதில் பிடி நசுங்கி, தட்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் இழுத்தேன். கோவிந்தன் இழுத்தார். நான் மேல் முனையையும் அவர் கீழ் முனையையும் பிடித்து, நாட்டின் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எதிரெதிராக இழுத்தன. முனுசாமி கல்லை எடுத்துத் தட்டினார். கல் உடைந்தது.

அந்த ஓசையில் பெண்மணியின் கோபம் ஆச்சரியமாக மாறியது. "இன்னாத்துக்கு இந்த அடி அடிக்கிறீங்க? உள்ள இன்னா இருக்குது?"

"இட்லி."

"இட்லிக்கா?"

மேற்கே ஒரு மேகத்திட்டு கிடந்தது. நாங்கள் தட்டிக்கொண்டே இருக்கும்போது சூரியன் அதற்குள் இறங்கியது. கால்வாசி. பாதி. பிறகு இல்லை.

கையில் திறக்காத கேரியரோடு நான் ரோட்டு நடுவில் நின்றேன். முட்டியில் ரத்தம். மாமனார் கேரியரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பட்டினியாகப் படுத்த அந்தச் சம்பந்தி வீட்டை நினைத்தேன். தேரில் தலையைத் திருப்பிக்கொண்ட பெண்ணை நினைத்தேன். இனி அந்தத் தலை என் பக்கம் திரும்பாது என்று தோன்றியது. அது வேடிக்கையாக இல்லை.

"வாத்தியாரே," என்றேன் மெதுவாக, "உங்க வாட்ச்சுல மணி என்ன?"

கோவிந்தன் சற்றுத் திரும்பி நின்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரலால் அதற்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு நினைவு. பிறகு பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

"அஸ்தமனத்துக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருக்குது நயினாரே."

நான் நிமிர்ந்தேன். "அவைத்தலைவர் அவர்களே! ஒரே நேர மசோதாவை மரபுக் கட்சி முழுமனதோடு ஆதரிக்கிறது!"

"முழுமனசாவா?" என்றார் மதகிலிருந்து.

"முழுமனசாங்க மாமா."

"சேவலு?"

"சேவலும் வாட்ச் கட்டட்டுங்க."

தரணேந்திர நயினார் எழுந்து நின்றார். தடியால் மதகை ஒருமுறை தட்டினார். "ஆதரிக்கிறவங்க ஆமாம்னு சொல்லுங்க."

"ஆமாம்!" என்றது அவை. ரோட்டோரத்துப் பெண்மணியும், "இன்னாத்துக்கோ தெரியல, பெரியவரு சாப்டட்டும், ஆமாம்!" என்றார். எதிர்ப்பு வாக்கு இல்லை. முனுசாமி இரண்டு முறை ஆமாம் சொன்னார்.

"மசோதா நிறைவேறியது" என்று அறிவித்த அவைத்தலைவர், "அதக் குடு இப்படி" என்று கேரியரை வாங்கினார். மதகின்மேல் படுக்கவைத்து, ஒரு காலால் மிதித்து, பிடியைப் பக்கவாட்டில் ஒரு திருகு திருகினார். திறந்துகொண்டது.

"மாமா! முன்னாடியே குடுத்திருந்தா...?"

"முன்னாடி சபை முடிவெடுக்கலயே" என்றார், கை கழுவிக்கொண்டே.

மூன்று இட்லி சாப்பிட்டார். மிளகாய்ப்பொடி எண்ணெய் வழிந்த விரலோடு, நான் இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்த குறிப்பேட்டை வாங்கி, நான் அவசரமாக எழுதிய வரியைச் சரிபார்த்தார். (கறையின் தோற்றம் இதுதான்.) இரண்டு இட்லி மீந்தது. அதை யாருக்காக வைத்தார் என்று எனக்குப் புரிந்து, கை நீட்டியபோது, கோவிந்தன் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "நேரம் ஆயிடுச்சி நயினாரே. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். நான் ஆதரித்த முதல் சட்டத்தின் முதல் பலி நான். அன்றிரவு பட்டினி.

மூன்று நாள் கழித்துத் தொண்டூரிலிருந்து ஆள் வந்து, நைனாவிடம் தரணேந்திர நயினார் சொன்னதைச் சொன்னான். "பையனுக்குப் பேச்சு தெரியுது, பொழுது தெரியல. எம் பொண்ணுக்குப் பொழுது தெரியும், பேச்சு கம்மி. ரெண்டும் சேர்ந்தா சரியாப் போவும். ஒண்ணு, தோக்கறப்ப ஒத்துக்கினான். அதான் வேணும்."

மும்மலைக் கூட்டாட்சி அதற்குப் பிறகு ஓராண்டு இருந்தது. மரபுக் கட்சி அந்த மதகிலேயே முடிந்துவிட்டது. ராஜமதியும் நானும் இத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்து இருக்கிறோம். மாலையில் நான் யாரிடமாவது எதையாவது விளக்கிக்கொண்டிருந்தால், உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "மசோதா நெறவேறிடுச்சா? இட்லி வெக்கட்டுமா?" பேரப்பிள்ளைகள் சாப்பாட்டு மேசையைத் தட்டி, "ஆமாம்!" என்பார்கள். யார் வீட்டு விருந்துக்குப் போனாலும், எங்கள் பந்தியில் நான் பேச ஆரம்பித்தால், யாராவது ஒருவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்கிறார்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் என்னை விடவில்லை. காலையில் சாவி கொடுக்கிற கோவிந்தன், அந்த மாலையில் மதகருகே எதற்கு வாட்ச்சைத் திருகிக்கொண்டிருந்தார்? எங்கள் கல்யாணத்தில் மாமனார், மற்ற எல்லோருக்கும் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார். கோவிந்தனுக்கு மட்டும் அவர் பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு சுவர்க்கடிகாரம். கொடுக்கும்போது, "இது சரியா ஓடும் வாத்தியாரே" என்றார். கோவிந்தன் அதை வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் தலை நிமிரவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். எதற்கு என்று என்னிடம் சொல்லவில்லை.

மாமனார் காலமான பிறகு ஒருநாள், நேராகவே கோவிந்தனிடம் கேட்டேன். அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "நெறவேறின சட்டத்த அப்பறம் கேள்வி கேக்கக் கூடாது நயினாரே. நீங்க எழுதன விதிதான்" என்றார். வீட்டுக்கு வந்து அரசியல் சட்டத்தை முழுவதும் தேடினேன். அப்படி ஒரு விதி அதில் இல்லை.

ஆகவே, அந்த வெள்ளிக்கிழமை, திருவண்ணாமலை ரோட்டு மதகில், மசோதா நிறைவேறியபோது சூரியன் மேகத்துக்குப் பின்னால் இருந்ததா, அல்லது முன்பே அஸ்தமித்துவிட்டிருந்ததா என்பது இதை எழுதும்வரை சரிபார்க்கப்படவில்லை.